எத்தனை மூட்டை என்று கேட்பவர்கள் எந்தத் தேதி என்றும் கேளுங்கள்

சிறு நெல் விவசாயிகளின் உற்பத்தித் திறனை ஆராயும் வேளாண் பொருளியல் பேராசிரியர்களுக்கும், ஆராய்ச்சி மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளை வைத்துத் திட்டம் தீட்டும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காவிரி டெல்டாவில், திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைப் பக்கம், அதாவது பாசன வாய்க்கால் முடிகிற இடத்தில் இருந்து எழுதுகிறேன். சொந்த நிலம் ஆறு மா, குத்தகை நிலம் மூன்று மா. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். கல்லூரியில் பொருளியல் படித்தேன், அப்புறம் ஊரோடு தங்கிவிட்டேன். உங்கள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. உங்கள் கேள்வித்தாளுக்கு நாங்கள் சொல்லும் பதிலும் தெரியும், அந்தப் பதில் கடைசியில் என்ன எண்ணாக மாறுகிறது என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய விஷயம் தொலைந்துபோகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கேள்வித்தாள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. எத்தனை ஏக்கர்? விதை எத்தனை கிலோ? யூரியா எத்தனை மூட்டை, டிஏபி எத்தனை, பொட்டாஷ் எத்தனை? ஆண் கூலி எத்தனை பேர், பெண் கூலி எத்தனை பேர்? டிராக்டர் எத்தனை மணி நேரம்? எத்தனை தடவை தண்ணீர் பாய்ச்சினீர்கள்? விளைச்சல் எத்தனை மூட்டை? பிறகு வயது, படிப்பு, கூட்டுறவுக் கடன் உண்டா, வேளாண்துறையில் இருந்து யாராவது வருவார்களா. அவ்வளவுதான். இத்தனை கேள்விகளில் ஒன்றுகூட "எந்தத் தேதியில்?" என்று கேட்பதில்லை. நெல் விவசாயத்தில், அதிலும் ஆற்றுப் பாசனத்தில், எவ்வளவு போட்டோம் என்பதைவிட எப்போது போட முடிந்தது என்பதுதான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது. அந்த "எப்போது" எங்கள் கையில் இல்லை. உங்கள் கணக்கிலும் இல்லை. கடைசியில் அது எங்கள் "திறமைக் குறைவு" என்ற பெயரில் பட்டியலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அளக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியிடம் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர்தான். காவிரியில் கர்நாடகம் நமக்குத் தரவேண்டிய நீர் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் முடித்துவிட்டது. நிலமும் கூடப்போவதில்லை, தண்ணீரும் கூடப்போவதில்லை. இருப்பதை வைத்து எவ்வளவு நன்றாக விளைவிக்கிறோம் என்பது முக்கியமான கேள்விதான். அதனால்தான் அதைச் சரியாகக் கேட்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் முறையை எனக்குத் தெரிந்தவரை நேர்மையாகவே சொல்லிப் பார்க்கிறேன். 1957இல் ஃபாரல் என்ற பொருளியலாளர் காட்டிய வழி இது. ஒரே அளவு நிலம், விதை, உரம், ஆள் போட்டவர்களில் யாருக்கு அதிக விளைச்சலோ, அவரை எல்லைக்கோடாக வைத்துக்கொள்கிறீர்கள். மற்றவர்கள் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார்களோ, அதுதான் அவர்களுடைய திறமைக் குறைவு. மழை, பூச்சி மாதிரி எதிர்பாராமல் வருபவற்றையும் அந்தக் குறைவில் சேர்த்துவிட்டால் அநியாயமாயிற்றே என்று, 1977இல் வந்த புதிய முறை அதிர்ஷ்டத்தைத் தனியாகவும் திறமைக் குறைவைத் தனியாகவும் பிரித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதிர்ஷ்டம் என்றால் இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும் என்பது அந்த முறையின் அடிப்படை. கடைமடையில் நிலம் இருப்பது அப்படிப்பட்ட அதிர்ஷ்டமா? அது எல்லா வருடமும் ஒரே பக்கம்தான் இழுக்கும். வாய்க்காலின் வால் பக்கம் இருப்பவனுக்குத் தண்ணீர் எப்போதும் தாமதம், வடிகால் எப்போதும் நெருக்கடி. ஒரே பக்கம் இழுப்பதையெல்லாம் உங்கள் கணக்கு திறமைக் குறைவு என்ற பெட்டிக்குள்தான் போடும். தலைமடையில் இருப்பவர் எல்லைக்கோடாகிவிடுவார். அவரைவிடக் கவனமாக வயலைப் பார்க்கிற கடைமடைக்காரர் "திறமை குறைந்தவர்" ஆகிவிடுவார்.

உங்கள் துறையிலேயே இதற்கு நேர்மாறாகப் பேசியவரும் உண்டு. ஏழை விவசாயி இருக்கும் வசதிக்குள் திறமையாகத்தான் வேலை செய்கிறான், அவனிடம் இருக்கும் வசதிதான் போதவில்லை என்று 1964இல் தியோடர் ஷுல்ட்ஸ் எழுதினார். அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று உத்தரப்பிரதேசத்தின் சேனாப்பூர் கிராமத்தில் எடுத்த கணக்கு. 1979இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் வாதாடவில்லை. எங்களிடமும் வீணாக்கல் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தமானது. ஒருவன் ஒன்றைச் செய்கிறான் என்றால், அவன் இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் அதற்குக் காரணம் இருக்குமா என்று முதலில் தேடிப் பார்த்தார்.

விதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். வழக்கமான நடவில் குறுவைக்கு, அதாவது ஜூனில் தொடங்கும் குறுகிய காலப் பருவத்துக்கு, ஹெக்டேருக்கு 60 கிலோ விதை போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 24 கிலோ. செம்மை நெல் சாகுபடி என்றால் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோவே போதும். 14 நாள் நாற்று, குத்துக்கு (நடும் ஒவ்வொரு இடத்துக்கும்) ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுர நடவு, கோனோவீடர் ஓட்டிக் களை அழிப்பது. மடகாஸ்கரில் உருவாகி, இங்கே "ராஜராஜன் 1000" என்ற பெயரிலும் பரப்பப்பட்ட முறை. நல்ல முறைதான், அதில் சந்தேகமே கிடையாது. தூர் வெடித்துக் கிளைப்பதைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் எங்கள் பக்கம் பலரும் 30 கிலோ, 40 கிலோ என்று விதை போடுகிறார்கள். கட்டுரையில் இது "பரிந்துரையைவிட அதிக விதை, இடுபொருள் வீணடிப்பு" என்று வருகிறது.

14 நாள் நாற்றைப் பறித்து நட வேண்டும் என்றால் பதினான்காம் நாள் வயலில் தண்ணீர் இருக்க வேண்டும், சேறு ஓட்டிச் சமப்படுத்தியிருக்க வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்த நாளில் திறக்கவில்லை. 2016இல் செப்டம்பர் 20. 2017இல் அக்டோபர் 2. 2020இல்தான் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஜூன் 12 அன்று திறந்தார்கள். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை போனது. 2023இல் ஜூன் 12 அன்று சரியாகத் திறந்தும் பிறகு தண்ணீர் போதாமல் அக்டோபரிலேயே மூட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு குறுவை கருகியதை எல்லாரும் பார்த்தார்கள். அணை திறந்தால் மட்டும் ஆகிவிடாது. கல்லணைக்கு வந்து, பிரிந்து, ஏ வாய்க்கால், பி வாய்க்கால் என்று கிளைக் கிளையாக இறங்கி, முறை வைத்து, ஆகாயத்தாமரையைத் தாண்டி எங்கள் மடைக்கு வர வேண்டும். இந்த நிலைமையில் எந்த நாளை நம்பி நாற்று விடுவது?

தண்ணீர் தாமதமானால் நாற்று 30 நாள், 35 நாள் என்று முற்றிப்போகிறது. முற்றிய நாற்று தூர் கட்டாது. அதற்கு ஒரே வழி, குத்துக்கு ஒன்று வைப்பதற்குப் பதில் நான்கைந்து வைத்து நெருக்கி நடுவது. அதற்கு நாற்று அதிகம் வேண்டும், நாற்றுக்கு விதை அதிகம் வேண்டும். குறுவைக்கு அடுத்த நீண்ட காலப் பருவமான சம்பாவில் இன்னொரு பயம். நட்ட பத்து பதினைந்து நாளில் ஐப்பசி மழை பிடித்தால் இளம்பயிர் தண்ணீருக்குள் போய்விடும். வடியும்போது திட்டுத் திட்டாக அழுகியிருக்கும். அந்தத் திட்டுகளை நிரப்ப ஒரு ஓரத்தில் நாற்று மீதி வைத்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் விதை எங்கள் காப்பீடு. பணம் கட்டுகிற காப்பீட்டில் இழப்பீடு எப்போது வரும் என்று தெரியாது, ஓரத்து நாற்றை அடுத்த நாளே எடுத்து நடலாம். தண்ணீர் வரும் தேதி உறுதியாகத் தெரிகிற ஊரில் இதே விவசாயி 40 கிலோ விதை போடுவாரா என்று யாராவது ஆராய்ந்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன்.

அடுத்தது யூரியா. இதில் எங்கள் பக்கம் தவறு இருக்கிறது, மறைக்க மாட்டேன். பக்கத்து வயல் கரும்பச்சையாக இருந்தால் தன் வயலுக்கும் ஒரு கை அள்ளிப் போடுகிற ஆசை பலருக்கு உண்டு. பயிர் கொழுத்தால் இலைச்சுருட்டுப்புழு வரும், அப்புறம் புகையான் பூச்சி வரும், கதிர் முற்றும்போது சாய்ந்துவிடும். வெள்ளைப்பொன்னி ரகம் போட்டவர்களைக் கேட்டால் சாய்ந்த கதையைச் சொல்வார்கள். இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. விலை அதிகமில்லை, வயலில் பத்து இலையை எடுத்து வைத்துப் பார்த்தாலே இப்போது தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடும். வெள்ளைப்பொன்னிக்கு மூன்றாம் எண், மற்ற பல ரகங்களுக்கு நான்காம் எண். நான் அதைப் பார்த்துத்தான் மேலுரம் போடுகிறேன். ஊரில் இன்னும் சிலர் பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஆனால் விலைகளைக் கொஞ்சம் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20.7 கிலோ. ஒரு கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டிஏபி மூட்டை 1,350 ரூபாய். அதில் உள்ள ஒன்பது கிலோ தழைச்சத்துக்கு அதே விலை போட்டுக் கழித்தால், மீதியுள்ள 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பேட்) கிலோ 53 ரூபாய்க்கு மேல் வருகிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் என்று கொண்டுவந்தபோது யூரியாவை அதில் சேர்க்காமல் வெளியே விட்டார்கள். அன்றிலிருந்து யூரியா மலிவு, மற்றவை ஏற்றம். ஒரு பொருளை மலிவாகவும் இன்னொன்றை விலை ஏற்றியும் வைத்துவிட்டு, விவசாயி மலிவானதை அதிகம் போடுகிறான் என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? உங்கள் பாடப்புத்தகத்தின்படியே அது விலையைப் பார்த்து எடுத்த சரியான முடிவு. மண்ணுக்கு அது கெடுதல் என்பது எங்களுக்கும் தெரிகிறது. கையில் இருக்கிற காசுக்கு எது வரும் என்பதும் தெரிகிறது.

இங்கேயும் தேதிதான் மறுபடி வருகிறது. அடியுரமாகப் போட வேண்டிய டிஏபி நடவு நாளில் கடையில் இருக்காது. யூரியா வேண்டுமானால் கூடவே வேறு ஏதோ ஒரு டப்பாவையும் வாங்கு என்று கட்டாயப்படுத்தும் கடைகள் உண்டு. பத்து நாள் கழித்து டிஏபி வந்து, போட்டதாகக் கேள்வித்தாளில் எழுதினால், அதுவும் ஒரு மூட்டை, தலைமடைக்காரர் நடவன்றே போட்டதும் ஒரு மூட்டை. உங்கள் கணக்குக்கு இரண்டும் ஒன்று. பயிருக்கு அப்படி இல்லை.

தண்ணீருக்கும் யூரியாவுக்கும் உள்ள தொடர்பு இதைவிட ஆழமானது. நெல்லுக்குப் போடும் தழைச்சத்தில் நல்ல பராமரிப்பிலேயே பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. வயல் காய்ந்தால் மண்ணில் உள்ள அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். பிறகு தண்ணீர் கட்டினால் அந்த நைட்ரேட் வாயுவாகிக் காற்றில் போய்விடும். மறுபடி காய்ந்தால் மறுபடி அதே கதை. முறைப்பாசனத்தில் தண்ணீர் ஒரு வாரம் வந்து, ஒரு வாரம் நின்று, சில நேரம் முறையே தவறி வரும்போது எங்கள் வயலில் இதுதான் நடக்கிறது. தலைமடைக்காரரும் நானும் ஒரே அளவு யூரியா போட்டாலும் என் பயிருக்குப் போய்ச் சேர்வது குறைவு. அதை ஈடுகட்ட இன்னும் ஒரு பத்துக் கிலோ நான் போட்டால், அதிகம் போட்டுக் குறைவாக விளைவித்தவன் என்று உங்கள் கணக்கில் இரண்டு விதத்திலும் அடிபடுகிறேன். வாய்க்காலில் இருக்கிற குறை என் வயலின் உரக் கணக்கில் தெரிகிறது.

இப்போது தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லிக்கொடுக்கிறீர்கள். வயலில் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காத்திருந்து மறுபடி பாய்ச்சுவது. தண்ணீர் நன்றாக மிச்சமாகும், விளைச்சலும் குறையாது. நினைத்த நேரத்தில் மோட்டாரைப் போட முடிகிறவருக்கு அருமையான முறை. எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். போர் போட்டாலும் பயிருக்கு ஆகாது. ஆற்றுத் தண்ணீர்தான், அதுவும் பலருக்குத் தனி மடை கிடையாது. மேல் வயலில் கட்டி, வரப்பில் வாமடை வெட்டி, அடுத்த வயலுக்கு, அதிலிருந்து அதற்கடுத்த வயலுக்கு என்று வயல் விட்டு வயல் போகிறது. நடுவில் இருக்கிற நான் மட்டும் காய்ச்சல் போட்டால் எனக்குக் கீழே இருக்கிற நாலு வயலுக்கும் தண்ணீர் போகாது. கீழ் வயல்காரர் டிஏபி போட்ட நாளில் நான் தண்ணீரை வடித்தால் என் தண்ணீர் அவர் உரத்தை அடித்துக்கொண்டு போகும். இது தனி ஆளின் திறமை சம்பந்தப்பட்டதே அல்ல. பத்துப் பேர் ஒரே நாளில் நட்டு, ஒரே நாளில் உரம் போட்டு, ஒரே நாளில் காயவிட்டால்தான் முடியும். அந்தப் பத்துப் பேருக்கும் டிராக்டரும் நடவு ஆளும் ஒரே வாரத்தில் கிடைக்க வேண்டும். ஆய்வில் நீங்கள் ஒவ்வொரு விவசாயியையும் தனித்தனித் தொழிற்சாலை மாதிரி எடுத்துக்கொள்கிறீர்கள். எங்கள் வயல்கள் அப்படி இல்லை.

தண்ணீர் கையில் இல்லாதவனுக்கு அது வரும்போது நிறையக் கட்டி வைத்துக்கொள்வதுதான் புத்தி. அடுத்த முறை எப்போது என்று தெரிந்தால் இன்றைக்கு மூன்று அங்குலம் போதும் என்று மடையை அடைப்போம். இலவச மின்சாரத்தைப் பற்றியும் எழுதுகிறீர்கள், 1990இல் இருந்து பம்புசெட்டுக்கு மின்சாரக் கட்டணம் இல்லை, அதனால் தண்ணீர் வீணாகிறது என்று. அது உண்மையாகவே பேச வேண்டிய விஷயம், எனக்கும் அதில் கவலை உண்டு. ஆனால் பம்புசெட் இல்லாத எங்களையும் அதே சராசரிக்குள் போட்டு, "டெல்டா விவசாயிகள் தண்ணீரை வீணடிக்கிறார்கள்" என்று எழுதும்போது மனம் வலிக்கிறது.

ஆள் கணக்குக்கு வருகிறேன். சிறு பண்ணையில் ஏக்கருக்கு விளைச்சல் பெரிய பண்ணையைவிட அதிகமாக இருக்கிறது என்பதை 1950களின் பண்ணை மேலாண்மைக் கணக்குகளை வைத்து 1962இல் அமர்த்தியா சென் கவனப்படுத்தினார். அதற்கு முக்கியக் காரணம் குடும்பத்து உழைப்பு. விடியற்காலையில் வரப்பைச் சுற்றி நண்டு வளை அடைப்பது, அண்டை வெட்டுவது, எலிக்குக் கிட்டி வைப்பது, விட்டுப்போன களையை அம்மா போகிற போக்கில் பிடுங்கி வரப்பில் போடுவது. இதையெல்லாம் கேள்வித்தாளில் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் எங்களுக்குச் சொல்லத் தெரியாது. சில ஆய்வுகளில் இதைக் கூலி விலைக்குப் போட்டு, குடும்ப உழைப்பை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று முடிக்கிறார்கள். அந்த உழைப்பை எடுத்துக்கொண்டுபோய் வேறு எங்கே விற்பது? ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு அந்த விடிகாலை ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க ஊரில் யார் இருக்கிறார்கள்? விலை போடும்போது இதையும் யோசியுங்கள். அரசே ஆதரவு விலை நிர்ணயிக்கும்போது கைச்செலவும் குடும்ப உழைப்பும் சேர்ந்த கணக்கைத்தான் ஒன்றரை மடங்காக்குகிறது. சொந்த நிலத்தின் வாடகையும் முதலீட்டு வட்டியும் சேர்ந்த முழுச் செலவுக்கு ஒன்றரை மடங்கு என்பது இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

அறுவடையில் கணக்கு இன்னும் குழம்புகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் மூட்டை என்றால் 60 கிலோ, வியாபாரி கணக்கில் 62 கிலோ. நேரடி கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. புள்ளிவிவரம் எடுக்க வரும் தம்பி "எத்தனை மூட்டை?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார். எந்த மூட்டை என்று அவர் கேட்கவில்லை என்றால் விளைச்சல் ஒன்றரை மடங்கு மாறிவிடும். ஈரப்பதமும் அப்படித்தான். 22 சதவீத ஈரத்தில் அறுத்த 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காயவைத்தால் 94 கிலோதான் நிற்கும். ஒருவர் அறுத்த அன்றே வியாபாரிக்குக் கொடுத்த எடையைச் சொல்வார், இன்னொருவர் காயவைத்துக் கொடுத்த எடையைச் சொல்வார். ஆறு சதவீத வித்தியாசம் அங்கேயே வந்துவிட்டது. உங்கள் ஆய்வுகளில் திறமை வித்தியாசம் என்று காட்டப்படும் எண்கள் எவ்வளவு சிறியவை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்பு மழைக்காலத்தோடு வந்து முட்டும். 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை எடுக்கலாம் என்று மத்திய அரசு தளர்த்தியது, ஆனால் அப்படி ஒவ்வொரு முறையும் கேட்டு, குழு வந்து பார்த்து, உத்தரவு வருவதற்குள் நெல் களத்திலேயே முளை விட்டுவிடும். தார்ப்பாய் வாடகை, கூட்டிக் குவித்து மறுபடி பரப்புகிற ஆள் கூலி, இரவுக் காவல் எல்லாம் எங்கள் செலவு. 2025-26இல் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், அதாவது சிப்பத்துக்கு 1,000 ரூபாய் விலை. அந்த விலைக்கு விற்க முடியாமல் வெளியில் அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர், உற்பத்தியில் எல்லைக்கோட்டின் மேலேயே இருந்திருக்கலாம். அவருக்கு மிஞ்சியது என்ன என்பது உங்கள் ஆய்வில் வராது, ஏனென்றால் உங்கள் ஆய்வு வயலோடு முடிந்துவிடுகிறது. பயிரைத் திறமையாக வளர்த்து அறுத்துக் களத்தில் கொட்டிய பிறகு அழிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

குத்தகைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆய்வுக்கு ஆள் தேர்ந்தெடுக்க நீங்கள் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ பட்டியல் வாங்குகிறீர்கள். சிட்டா, அடங்கல் எல்லாம் நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். உழுகிறவர் வாய்மொழிக் குத்தகையில் இருப்பார். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் வந்தும், பதிவு என்று வாயைத் திறந்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை. அவருக்குக் கூட்டுறவுக் கடன் கிடைக்காது, நிவாரணம் நிலத்துக்காரர் கணக்குக்குப் போகும். என் குத்தகை மூன்று மாவில் நானும் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதில்லை, சொந்த ஆறு மாவில் செய்கிறேன். அடுத்த வருடம் அந்த நிலம் என்னிடம் இருக்குமா என்று தெரியாதபோது மண்ணில் பணத்தைப் புதைக்க மனம் வராது. ஒரே ஆள், ஒரே அறிவு, ஒரே கை. இரண்டு நிலத்தில் இரண்டு விதமாகச் செய்கிறேன். உங்கள் மாதிரியில் என் திறமை எத்தனை சதவீதம் என்று வரும்?

கட்டுரைகளின் கடைசிப் பத்தி எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். விவசாயிகளுக்குக் கல்வி வேண்டும், பயிற்சி வேண்டும், விரிவாக்கப் பணி வேண்டும், கடன் வசதி வேண்டும். பயிற்சியை நாங்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் அந்தப் பத்தியைப் படிக்கிற அதிகாரி என்ன செய்வார்? இன்னொரு பயிற்சிக் கூட்டம் போடுவார், டீயும் பையும் கொடுப்பார். ஷட்டர் பழுதான வாய்க்கால் அப்படியே கிடக்கும். தூர் வாரும் வேலை தண்ணீர் வருகிற வாரம் வரை நடக்கும். உங்கள் எண்களுக்கு அரசாங்கத்தில் மதிப்பு இருக்கிறது. எங்கள் புகாரைவிட உங்கள் அட்டவணைக்குத்தான் மதிப்பு. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

செய்ய முடியாததைக் கேட்கவில்லை. கேள்வித்தாளில் ஒவ்வொரு இடுபொருளுக்குப் பக்கத்திலும் ஒரு தேதிக் கட்டம் போடுங்கள். நாற்று விட்ட நாள், மடைக்குத் தண்ணீர் வந்த நாள், நட்ட நாள், அப்போது நாற்றின் வயது, அடியுரம் கிடைத்த நாள், முதல் மேலுரம் போட்டபோது வயலில் தண்ணீர் நின்றதா, அறுவடை மிஷின் கேட்ட நாள், வந்த நாள், நெல் களத்தில் கிடந்த நாட்கள். அறுவடை முடிந்து ஒரே தடவை வந்து ஞாபகத்தில் இருந்து கேட்டால் இதெல்லாம் கிடைக்காது, பருவத்துக்குள் மூன்று நான்கு தடவை வர வேண்டும். மாணவர்களுக்குச் சிரமம்தான். ஊரிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு நோட்டும் கொஞ்சம் ஊதியமும் கொடுத்தால் அவர்களே எழுதி வைப்பார்கள். தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றையும் ஒரே எல்லைக்கோட்டில் நிறுத்தாமல் தனித்தனியாக அளந்து, பிறகு அந்த மூன்று கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து சொல்லுங்கள். முதல் அளவு எங்கள் திறமையைச் சொல்லும், இரண்டாவது அளவு நீர் நிர்வாகத்தின் திறமையைச் சொல்லும். இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிடுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத குத்தகைக்காரர்களை வயலில் போய்த் தேடிப் பிடியுங்கள், காலை ஏழு மணிக்கு வந்தால் எல்லாரும் வரப்பில்தான் இருப்பார்கள். ஒரே குடும்பத்தை நல்ல வருடம், கெட்ட வருடம் இரண்டிலும் பாருங்கள். 2022இல் மே மாதத்திலேயே தண்ணீர் வந்தபோதும் 2023இல் பாதியில் நின்றபோதும் அதே கையும் அதே மண்வெட்டியும்தான் இருந்தன.

இன்னொரு வேண்டுகோள். முடிவு வந்ததும் அதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, பதில் சொன்ன ஊருக்கு அனுப்புங்கள். கிராம சபைக் கூட்டத்தில் வாசிக்கலாம். எங்கள் பக்கம் யூரியா அதிகம் என்றால் அதை எங்கள் முன்னாலேயே சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம், பதிலும் சொல்வோம். மூட்டைக் கணக்கில் தவறு இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். கேள்வித்தாள் தயாரிக்கும்போதே ஒரு வரைவை அனுப்பினால், ஊரில் நாலு பேரை உட்காரவைத்து எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பார்த்துத் தருகிறேன். குறுவை நாற்று விடுவதற்கு முன்னால், வைகாசியில் வந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டக் கடைமடையில் நெல் சாகுபடி செய்யும் ஒரு சிறு விவசாயி